ஓ வகைக்குச் சளி பிடிக்காதா? – ரத்த வகையும் சுவாச வைரஸ்களும்: வாசகர் கேள்வி பதில்

ஃப்ளூ காய்ச்சல் பரவத் தொடங்கினாலே ரத்த வகை பற்றிய கடிதங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எனக்கு ஓ பாசிட்டிவ். 'ஓ குரூப்புக்குக் கொரோனாவும் ஒட்டாது, ஃப்ளூவும் ஒட்டாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பேருந்தில் மாஸ்க் போட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– செ. வளர்மதி, திண்டுக்கல்

மாஸ்க் போட்ட நீங்கள் சொல்வதுதான். அந்தச் செய்தியில் துளி உண்மை உண்டு. அதை ஊதிப் பெருக்கிவிட்டார்கள்.

துளி எங்கிருந்து வந்தது என்றால், 2020 மார்ச்சில் சீனாவின் வூஹானிலிருந்து. அங்குள்ள ஜின்யின்தான் மருத்துவமனையில் சேர்ந்த 1,775 கொரோனா நோயாளிகளின் ரத்த வகையை அந்நகரத்துப் பொதுமக்களின் ரத்த வகையோடு ஒப்பிட்டார்கள். பொதுமக்களில் ஏ வகை 32.16 சதவீதம், நோயாளிகளில் 37.75. ஓ வகை பொதுமக்களில் 33.84 சதவீதம், நோயாளிகளில் 25.80. கவனியுங்கள்: நோயாளிகளில் நால்வருக்கு ஒருவர் ஓ வகைதான்.

பிறகு டென்மார்க்கில் பரிசோதனை செய்துகொண்ட 4,73,654 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். தொற்று உறுதியான 7,422 பேரில் ஓ வகையினர் 38.41 சதவீதம், நாட்டு மக்களிலோ 41.70 சதவீதம். நடைமுறைக்குக் கொண்டுவந்தால், ஓ அல்லாத வகையினரில் 100 பேருக்குத் தொற்று வரும் சூழலில், அதே எண்ணிக்கையிலான ஓ வகையினரில் சுமார் 87 பேருக்கு வரும். அந்த 87 பேரில் ஒருவராக நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று எந்தச் சோதனையும் சொல்லாது. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது டென்மார்க் கணக்கில் ரத்த வகையால் வேறுபாடே தெரியவில்லை. தொற்றுவதில் சிறு வித்தியாசம், தொற்றிய பின் வித்தியாசம் இல்லை. 'ஒட்டாது' என்ற சொல்லுக்கு இதில் இடமே கிடையாது.

இன்னொன்றும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் ஓ வகையினர்தான் அதிகம், அடுத்து பி. 13 சதவீதச் சலுகையைக் கழித்த பின்னும், இங்கே தொற்றுக்கு ஆளாகிறவர்களில் பெருங்கூட்டம் ஓ வகையாகத்தான் இருக்கும்.

ஒரு செய்தியில் 'ஏ வகைக்கு ஆபத்து' என்கிறார்கள், மறு மாதமே 'ரத்த வகைக்கும் கொரோனாவுக்கும் தொடர்பில்லை' என்கிறார்கள். எதை நம்புவது?
– மு. இளங்கோ, ஆசிரியர், தஞ்சாவூர்

இரண்டுமே நேர்மையான ஆய்வுகளிலிருந்து வந்த செய்திகள்தான். அமெரிக்காவின் யூட்டா பகுதி மருத்துவமனைத் தொகுப்பு ஒன்று 1,07,796 பேரை வைத்துப் பார்த்து, தொடர்பில்லை என்று 2021இல் வெளியிட்டது. இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் மூச்சுத் திணறலோடு சேர்ந்த நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்தவர்கள் 2020இல் தொடர்பு உண்டு என்றார்கள். ஏன் இந்த முரண்?

முதல் சிக்கல், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. ரத்த வகை தெரிந்த ஆரோக்கியமானவர்கள் வேண்டுமென்றால் எளிதில் கிடைப்பவர்கள் ரத்ததானம் செய்பவர்கள். ஆனால் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் ரத்த வங்கிகள் ஓ வகையினரைத்தான் தேடித் தேடி அழைக்கின்றன. ஆகவே தானம் செய்பவர்களின் பட்டியலில் ஓ வகை ஊரில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் நோயாளிகளில் ஓ குறைவாக இருப்பதுபோல் தானாகவே தோன்றும். இந்த ஓட்டை பல ஆய்வுகளில் இருந்தது; வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாவது, இனக்குழு. நியூயார்க் போன்ற ஊரில் ஒவ்வொரு சமூகத்திலும் ரத்த வகை விகிதம் வேறு. எந்தச் சமூகத்தினர் வேலைக்கு வெளியே போக நேர்ந்தது, யார் நெருக்கடியான வீட்டில் இருந்தார்கள் என்பதும் வேறு. அதைக் கணக்கில் கழிக்காவிட்டால் வறுமையால் வந்த தொற்று ரத்த வகையால் வந்ததாகத் தெரியும். மூன்றாவது, யாரைப் பரிசோதித்தார்கள் என்பது. தொடக்கத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும், பின்னர் கண்டவர்களையும்.

இவற்றையெல்லாம் சலித்த பிறகு நின்றது என்ன? பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2021 ஜூலையில் வெளியிட்ட மரபணுத் தொகுப்பாய்வில், 9ஆம் குரோமோசோமில் உள்ள ரத்த வகை மரபணு தொற்று வருவதோடு தொடர்புடையது, நோய் கடுமையாவதோடு அல்ல என்று தெளிந்தது. கடுமையாவதோடு வலுவாகப் பிணைந்திருப்பது 3ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு. அது அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று மரபணு ஆய்வாளர்கள் ஹியூகோ செபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் 2020இல் காட்டினார்கள் (பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது). ஐரோப்பியர்களில் சுமார் 16 சதவீதத்தினரிடம் இருக்கும் அந்தத் துண்டு, தெற்காசியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இருக்கிறது. நம்மவர்கள் கவலைப்பட மரபணு ஒன்று வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம். ஆனால் அது ரத்த வகைச் சீட்டில் வராது.

எனக்கு பி, கணவருக்கு ஓ. எனக்குத் தொற்று வந்து ஒரே அறையில் இருந்தோம், அவருக்கு வரவில்லை. அவர் ரத்த வகைதான் காரணமா?
– ரா. கவிதா, கிள்ளான், மலேசியா

உங்கள் ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன திசை சுவையானது.

ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகள். 9ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு ஒரு நொதியைச் செய்கிறது. அது என்-அசிட்டைல் கேலக்டோசமைனை ஒட்டினால் ஏ, கேலக்டோஸை ஒட்டினால் பி. ஓ வகையினருக்குப் பெரும்பாலும் அந்த மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டு நொதி வேலை செய்வதில்லை, ஆகவே ஒன்றும் ஒட்டாது. இந்தச் சர்க்கரைகள் ரத்தத்தில் மட்டுமல்ல, மூச்சுப்பாதையின் உள்தோலிலும் உண்டு. பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேருக்கு எச்சிலிலும் சளியிலும் கலந்து வரும்.

தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக உடல் பிறந்த சில மாதங்களிலேயே எதிர்ப்பான்களை உண்டாக்கிவிடுகிறது. குடல் பாக்டீரியாக்களில் இருக்கும் ஒத்த சர்க்கரைகள் அதைத் தூண்டுகின்றன. ஓ வகையான உங்கள் கணவரிடம் ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்பான்கள் இருக்கும். வைரஸ் உங்கள் செல்லில் பெருகி வெளியே வரும்போது அதன் மேலுறையில் உங்கள் பி சர்க்கரை ஒட்டியிருக்கலாம். அவர் மூச்சில் போனால் அவரது பி-எதிர்ப்பான்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். 2003இல் ஹாங்காங் மருத்துவமனை ஒன்றில் ஒரே சார்ஸ் (கொரோனாவின் உறவு வைரஸால் வந்த நோய்) நோயாளியால் தொற்றுக்கு உள்ளான ஊழியர்களில் ஓ வகையினர் குறைவாகப் பாதிக்கப்பட்டதிலிருந்து இந்தச் சிந்தனை தொடங்கியது. 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஏ-எதிர்ப்பான்கள் சார்ஸ் வைரஸின் கூர்ப்புரதம் (ஸ்பைக் புரோட்டீன்) செல்லில் ஒட்டுவதைத் தடுப்பதை ஆய்வகத்தில் காட்டினார்கள்.

இந்த விளக்கப்படி, முக்கியம் ஓ வகை என்பதல்ல. யாரிடமிருந்து யாருக்கு என்பது. உங்களிடமிருந்து அவருக்கு வருவது கடினம். அவரிடமிருந்து உங்களுக்கு வருவதற்கோ, அவர் வைரஸில் ஏயும் இல்லை பியும் இல்லை என்பதால், எந்தத் தடையும் கிடையாது! ஓ வகை ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம் என்ற விதியேதான் இது. பிரான்சில் தம்பதியரை வைத்து 2021இல் பார்த்தபோதும் பொருந்தாத ரத்த வகையுள்ள ஜோடிகளில் தொற்று குறைவாகவே கடந்தது. ஏ, பி, ஓ மூவரும் கலந்து வாழும் ஊரில் கடைசிக் கணக்கு ஏன் வெறும் 13 சதவீதத்தில் நிற்கிறது என்பதற்கும் இது ஒரு விளக்கம்.

இதற்குப் போட்டியாக இன்னொரு விளக்கமும் உண்டு. கொரோனா வைரஸின் ஒட்டும் பகுதி, மூச்சுப்பாதைச் செல்களில் உள்ள ஏ சர்க்கரையைத் தானே விரும்பிப் பற்றுகிறது என்று 2021இல் ஓர் ஆய்வகச் சோதனை காட்டியது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

அடுத்த முறை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேறு அறை, திறந்த சன்னல், இருவருக்கும் மாஸ்க். ரத்த வகை பார்த்துப் படுக்கை பிரிக்க வேண்டாம்.

கொரோனாவை விடுங்கள். ஃப்ளூ, ஆர்எஸ்வி போன்ற மற்ற வைரஸ்களுக்கு ரத்த வகை பொருட்டா?
– த. நிரோஷன், யாழ்ப்பாணம்

ஃப்ளூ வைரஸ் பற்றுவது சயாலிக் அமிலம் என்ற வேறொரு சர்க்கரையை. அது எல்லா ரத்த வகையினரிடமும் உண்டு. சிவப்பணுக்களை ஃப்ளூ வைரஸ் ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதை அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் 1941இல் கண்டார். அந்தத் திரளல் தடுக்கப்படுவதை வைத்துத்தான் இன்றும் தடுப்பூசியால் உடலில் உண்டான எதிர்ப்பான்களை அளக்கிறார்கள். அங்கே ஏ, பி, ஓ வேறுபாடு வேலை செய்வதில்லை. குழந்தைகளை மூச்சிரைக்க வைக்கும் ஆர்எஸ்விக்கும் ரத்த வகை வாசல் இல்லை.

ஆனால் மூச்சுவழி பரவும் வைரஸ் ஒன்றுக்கு ரத்த வகையே கதவு. பார்வோவைரஸ் பி19. குழந்தைகளின் கன்னத்தில் அறைந்தாற்போல் சிவந்து காய்ச்சல் வருமே, அதற்குக் காரணமானது. அது செல்லுக்குள் நுழையப் பற்றுவது 'பி ஆன்டிஜென்' என்ற சர்க்கரையை (நம் பி வகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆங்கிலத்தில் அது பதினாறாம் எழுத்து, இது இரண்டாம் எழுத்து). 1993இல் இது தெரியவந்தது. உலகில் மிக அரிதாகச் சிலர் அந்த ஆன்டிஜென் இல்லாமல் பிறக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றவே தொற்றாது. 'ஒட்டாது' என்று சொல்லத் தகுந்த ஒரே இடம் அது.

நம்மில் மற்ற அனைவருக்கும் தொற்றும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும் செல்களை அது தாக்குவதால், அரிவாள் செல் சோகை, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் சட்டென்று சரியும். நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் சோகை உண்டு. அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு திடீரென வெளிறிச் சோர்வு வந்தால், 'வைரல் ஃபீவர்தான்' என்று விடாமல் அன்றே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் கன்னம் சிவந்த பிள்ளையோடு பழகியிருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுக்கு ரத்தசோகை வரக்கூடும்.

பள்ளி முகாமில் ஏ பாசிட்டிவ் என்று அட்டை கொடுத்தார்கள். இப்போது நிமோனியாவில் சேர்ந்தபோது ஆய்வகம் ஓ பாசிட்டிவ் என்கிறது. நோயால் ரத்த வகை மாறுமா?
– பெயர் வேண்டாம், கரூர்

மாறாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்ற அரிய சூழல்களைத் தவிர்த்தால், இரண்டில் ஒன்று பிழை. எது என்று கண்டுபிடிக்கும் வரை இரண்டையும் நம்பாதீர்கள்.

முகாம்களில் கண்ணாடித் தகட்டில் செய்வார்கள். நீல நிற ஏ-சீரம் (ஏ வகைச் சிவப்பணுக்களைத் திரட்டும் திரவம்), மஞ்சள் நிற பி-சீரம் (பி வகையைத் திரட்டுவது), நிறமற்ற டி-சீரம் (பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டுவது), மூன்றிலும் ஒவ்வொரு துளி ரத்தம். 2 நிமிடத்துக்குள் திரள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து, திரண்டதுபோலவே தெரியும். ஓ வகை ஏயாக எழுதப்படுவது இப்படித்தான். சீரத்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்; வெயிலில் மேசைமேல் நாள் முழுக்க இருந்தால் வீரியம் போய், திரள வேண்டியது திரளாது. அப்போது ஏ வகை ஓவாகும். ஒரே குச்சியால் மூன்று துளிகளையும் கலக்கினாலும் போச்சு. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, வரிசையில் முன்னால் நின்ற பிள்ளையின் முடிவை உங்கள் பெயரில் எழுதுவது.

உங்கள் வழக்கில் நிமோனியா என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியாவில், குளிரில் சிவப்பணுக்களைத் திரளச் செய்யும் எதிர்ப்பான்கள் உண்டாகும். ரத்தக் குழாய் அறை வெப்பத்தில் ஆறியதும் எல்லாச் சீரத்திலும் திரண்டு, ஏபி பாசிட்டிவ் போலக்கூடக் காட்டும். சிவப்பணுக்களை 37 டிகிரி வெதுவெதுப்பான சலைனில் கழுவிவிட்டுத் திரும்பச் செய்தால் உண்மை தெரியும்.

செய்ய வேண்டியது: புதிதாக ரத்தம் எடுத்து, டியூப் அல்லது ஜெல் கார்டு முறையில், இரு வழியாகவும் வகை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வழியில் உங்கள் சிவப்பணுவைத் தெரிந்த சீரங்களோடு சேர்ப்பார்கள். மறு வழியில் உங்கள் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவம்) தெரிந்த ஏ, பி, ஓ செல்களோடு சேர்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டு. ஓ வகையென்றால் உங்கள் சீரம் ஏ, பி செல்களைத் திரட்டும், ஓ செல்லைத் திரட்டாது. ஓ செல்லையும் திரட்டினால் அது 'பம்பாய்' வகையாக இருக்கலாம். 1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டேயும் உடன் ஆய்வு செய்தோரும் கண்டது. இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர். சாதாரண ஓ ரத்தத்தை ஏற்றினால்கூட ஆபத்து. நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் மறு வழி பொருந்தாது, அதன் எதிர்ப்பான்கள் இன்னும் உருவாகியிருக்காது.

ரத்த வகைக்கேற்ற உணவு, ரத்த வகைக்கேற்ற எதிர்ப்புசக்திப் பொடி என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– கோ. சுந்தரி, மதுரை

வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1,455 பேரை வைத்து 2014இல் பார்த்தார்கள். காய்கறி மிகுந்த உணவு உண்டவர்களுக்கு நன்மை இருந்தது; ஆனால் அது எந்த ரத்த வகைக்கும் ஒன்றுபோலவே இருந்தது. பொடிக்காரரிடம் நாலு டப்பா இருக்கும், நாலிலும் ஒரே சரக்கு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

வயது 63, ஏ பாசிட்டிவ், சர்க்கரை நோய் உண்டு. ஏ வகை என்பதால் கூடுதலாக என்ன செய்ய வேண்டும்?
– அ. ஜோசப், நாகர்கோவில்

ஏ வகை என்பதற்காக ஒன்றும் வேண்டாம். 63, சர்க்கரை என்ற இரண்டுக்காக நிறைய உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி. நிமோகாக்கல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். காய்ச்சலும் இருமலும் தொடங்கினால், 'மூன்று நாள் பார்ப்போம்' என்பது உங்களுக்குப் பொருந்தாது. ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை மாலை, 5 நாள். சிறுநீரகம் பாதித்திருந்தால் அளவு குறையும், ஆகவே சீட்டில்லாமல் வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு போடுங்கள். எண் நிலைத்து நிற்கும்வரை பொறுங்கள். கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால் நம்மூரில் விளிம்பு எண்களை நம்பிக் கிடக்கக் கூடாது. 94க்குக் கீழே போனாலோ, ஓய்விலிருக்கும்போது நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் போனாலோ மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எண் நன்றாக இருந்து மூச்சு வாங்கினாலும் புறப்படுங்கள்.

ரத்த வகை எட்டிப் பார்க்கும் இடம் ஒன்றுண்டு. ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி ஓ வகையினருக்கு மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் குறைவு. அதனால் ஓ அல்லாதவர்களுக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு சற்று அதிகம். காய்ச்சலில் நாள் முழுக்கப் படுத்தே இருக்காமல், முடிந்தால் மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே காட்டுங்கள். தானாக ஆஸ்பிரின் போடாதீர்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு வரும்.

ஐந்தாம் மாதக் கர்ப்பம், ஓ நெகட்டிவ். நெகட்டிவ் என்பதால் ஃப்ளூ ஊசி போடக் கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.
– ம. ஷாலினி, வேலூர்

அக்கா இரண்டு ஊசிகளைக் குழப்பிக்கொண்டிருக்கலாம். செயலிழக்கச் செய்த ஃப்ளூ தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். நெகட்டிவ், பாசிட்டிவ் அதில் பார்ப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ கடுமையாகும் என்பதால் போடுவதே நல்லது. உங்கள் நெகட்டிவ் வகைக்காகப் போடும் ஊசி ஆன்டி-டி. கணவர் பாசிட்டிவ் என்றால், 28ஆம் வாரத்தில் 300 மைக்ரோகிராம், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி. அதை விட்டுவிடாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2,25,556 பேரைப் பார்த்தபோது நெகட்டிவ் வகையினருக்குக் கொரோனா தொற்று சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. பயப்பட அதில் ஏதுமில்லை, அதை நம்பி ஊசியை விடவும் ஏதுமில்லை.

கொரோனா காலத்தில் பிளாஸ்மா தேடி அலைந்தோம். ஓ வகைக்காரர் ஒருவர் தர வந்தும் 'ஏ வகை நோயாளிக்கு ஆகாது' என்றார்கள். ஓ எல்லோருக்கும் ஆகுமே?
– வி. பாலமுருகன், சேலம்

சிவப்பணுவுக்கு ஆகும், பிளாஸ்மாவுக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு) நேர்மாறு. ஓ வகையினரின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்பான்கள் இருப்பதால் அது ஓ நோயாளிக்கு மட்டுமே. எதிர்ப்பான்களே இல்லாத ஏபி பிளாஸ்மாதான் எல்லோருக்கும் பொருந்தும். மருத்துவமனை செய்தது சரி. அலைந்ததற்கு வருந்தத்தான் முடியும்: ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு முழுவதும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளில் சுமார் பாதிப்பேருக்கு 200 மில்லி வீதம் இருமுறை கொடுத்துப் பார்த்தது. 28 நாளில் நோய் முற்றியவர்களோ இறந்தவர்களோ, பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். 2021 மே மாதம் இந்தியச் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை நீக்கினார்கள்.

சளி பிடித்திருக்கும்போது ரத்ததானம் செய்யலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கூடாது. காய்ச்சலும் எல்லா அறிகுறிகளும் போன பிறகுதான். மற்ற விதிகள் வழக்கம்போல்: எடை 45 கிலோ இருந்தால் 350 மில்லி, 55 கிலோவுக்கு மேல் 450 மில்லி, ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு 3 மாத இடைவெளி, பெண்களுக்கு 4 மாதம். மாத்திரை ஏதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் படிவத்தில் எழுதுங்கள். கல்லூரி முகாம் தவறிவிட்டால் அடுத்த வாரம் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு நேரே போகலாம். தானம் செய்த இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தால், தயங்காமல் ரத்த வங்கிக்கு போன் செய்து உங்கள் பையின் எண்ணைச் சொல்லுங்கள். இன்னும் ஏற்றாமல் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள்.